பெயர் தெரியாத முகத்தின் கதை: குணச்சித்திர நடிகரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!" என்று நம்மைச் சொல்ல வைக்கும் முகங்கள் உண்டு. பெயர்தான் நினைவுக்கு வராது. அப்படி ஒரு நடிகரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால், நம்மை அறியாமலே நாயக நடிகரின் கதையை அச்சாக எடுத்து வைத்துக்கொள்கிறோம். கஷ்டப்பட்டார், வாய்ப்பு வந்தது, ஜெயித்தார், மங்கினார். பாதித் தவறுகள் இந்த அச்சிலிருந்தே வருகின்றன.

முதலில், திருப்புமுனையைத் தேடி அலைவது. அமெரிக்கக் குணச்சித்திர நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டன் நாயகனாக நடித்த 'பாரிஸ், டெக்சஸ்' படம் 1984 மே மாதம் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வென்றது. அப்போது அவருக்கு 57 வயது. உடனே "தாமதமாக வந்த வெற்றி" என்று எழுதத் தோன்றும். அவரோ 1950களின் நடுப்பகுதியிலிருந்து வேலை பார்த்துக்கொண்டே இருந்தவர். கௌபாய் தொலைக்காட்சித் தொடர்கள், சிறைப் படங்கள், 1979இல் 'ஏலியன்' விண்கலத்தில் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் என்று வரிசையாக வேடங்கள். "முப்பது வருடம் காத்திருந்தார்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அத்தனை உழைப்பும் வெறும் காத்திருப்பாகச் சுருங்கிவிடும். ஸ்டான்டனோ எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருக்கும் படம் முழு மோசமாக இருக்க முடியாது என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் பாதி விளையாட்டாக ஒரு விதியே வகுத்தார். (விதி பொய்த்த இடங்களையும் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார்.) அந்த மதிப்பு ஒரே படத்தில் சம்பாதித்ததல்ல.

பெயரிலும் வழுக்கும். இதே ஸ்டான்டன் ஆரம்பகாலப் படங்களில் 'டீன் ஸ்டான்டன்' என்ற பெயரில்தான் வருவார். ஹாரி ஸ்டான்டன் என்று வேறொரு நடிகர் இருந்ததால் இந்த ஏற்பாடு. அமெரிக்க நடிகர் சங்கத்தில் ஒரே பெயரில் இருவர் இருக்கக் கூடாது என்பது வழக்கம். நடிகர் மைக்கேல் கீட்டனின் இயற்பெயர் மைக்கேல் டக்ளஸ், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால் மாற்றிக்கொண்டார் என்பது பலருக்குத் தெரிந்த கதை. ஆகவே பழைய பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்ததும் சேர்த்துவிடாதீர்கள். அந்த ஆண்டில் அவருக்கு என்ன வயது, முகம் பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நானும் இதில் சறுக்கியிருக்கிறேன்.

அப்புறம் எண்ணிக்கை மோகம். "இருநூறு படங்களில் நடித்தவர்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எதை எண்ணினோம்? ஐந்து வருடம் ஓடிய தொடரின் நிரந்தர வேடமும் பட்டியலில் ஒரு வரி, ஒரு நாள் போய் நடித்துவிட்டு வந்த விருந்தினர் வேடமும் ஒரு வரி. பழைய ஹாலிவுட் படங்களிலோ முக்கியமான சிலரின் பெயர்களை மட்டும் திரையில் போட்டுவிட்டு மற்றவர்களை விட்டுவிடுவார்கள். எண்ணிக்கை கூடவும் செய்யும், குறையவும் செய்யும்.

அமெரிக்க நடிகர் ஜான் கசாலை எடுத்துக்கொள்ளுங்கள். முழுநீளப் படங்கள் வெறும் ஐந்து. ஐந்துமே சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவை. அவருக்கு மட்டும் ஒரு பரிந்துரைகூட வந்ததில்லை. படப்பட்டியலை மட்டும் பார்த்தால், 1972இல் 'தி காட்ஃபாதர்' படத்தோடு திடீரென்று முளைத்தவர் மாதிரி தெரியும். 1968லேயே அவரும் அல் பசீனோவும் ஒரே நாடகத்துக்காக நியூயார்க்கின் நாடக விருதான ஓபியை வாங்கியவர்கள். மேடையை விட்டுவிட்டு எழுதினால் இந்த மாதிரி நடிகர்களின் பாதி வாழ்க்கை காணாமல் போகும்.

விருதுகளை வைத்து எடைபோடுவதும் அப்படித்தான். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரை வால்டர் பிரென்னன் மூன்று முறை வாங்கினார். தெல்மா ரிட்டர் துணை நடிகைக்கு ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டு ஒருமுறைகூட வாங்கவில்லை. யார் பெரியவர்? கேள்வியே வேண்டாம்.

பிரென்னன் இன்னொரு தவறுக்கும் நல்ல உதாரணம். நாற்பதுகளில் இருந்தபோதே கிழவர் வேடங்களில் நடித்தவர் அவர். வேடத்தின் வயதை நடிகரின் வயதாகவும், வேடத்தின் குணத்தை அவருடைய குணமாகவும் எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்பது அவர் படங்களைப் பார்த்தால் புரியும்.

"சினிமா வாய்ப்பு குறைந்ததால் சின்னத்திரைக்குப் போனார்" என்ற வரி எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆதாரம் இருந்தால் சரி, எழுதலாம். பெரும்பாலும் அது பழக்கத்தில் விழும் வரி. மூன்று ஆஸ்கர் கையில் இருந்த பிரென்னன், 1957 முதல் 1963 வரை ஒரு தொலைக்காட்சித் தொடரின் தலைமை வேடத்தில் இருந்தார். நடிகை மார்கோ மார்ட்டின்டேல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதை முதன்முதலில் வாங்கியது 2011இல், 60 வயதில். அடுத்து வேறொரு தொடருக்காக இன்னும் இரண்டு. சினிமாவில் இரண்டு காட்சி கிடைக்கும் நடிகருக்குத் தொடரில் ஒரே மனிதராகப் பல வருடம் வாழ இடம் கிடைக்கிறது. இதில் இறக்கம் எங்கே இருக்கிறது?

பழகிய முகம் என்றால் பணக்காரர் என்றும் நினைத்துவிடக் கூடாது. தொலைக்காட்சியில் தங்கள் படங்கள் ஒளிபரப்பாகும்போது தங்களுக்கும் வருமானத்தில் தொடர்ந்து ஒரு பங்கு வேண்டும் என்று ஹாலிவுட் நடிகர்கள் 1960இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிடைத்தது 1960 முதல் எடுத்த படங்களுக்குத்தான். அதற்கு முந்தைய படங்களுக்காக ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு ஒரு மொத்தத் தொகை வந்தது, அவ்வளவே. பழைய படம் திரும்பத் திரும்ப ஓடினாலும் அதில் நடித்தவருக்குத் தனியாக எதுவும் வராது.

கடைசியாக, வெளியான ஆண்டை நடித்த ஆண்டாக எழுதுவது. கசால் 1978 மார்ச்சில், 42 வயதில் புற்றுநோயால் இறந்தார். 'தி டீர் ஹண்டர்' வெளியானது அதே வருடம் டிசம்பரில். பட்டியலில் '1978' என்று மட்டும் இருக்கும். படப்பிடிப்பு நடந்தது 1977இல். அவருக்கு நோய் முற்றியிருந்தது தெரிந்து, அவர் வரும் காட்சிகளைத்தான் முதலில் எடுத்தார்கள்.