ஊருக்குப் போகும் பெண்களுக்கு: நாடா இல்லாத சப்பாத்து வாங்க முன்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் பக்கம் போனால், ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சப்பாத்தைக் கழற்றி மாட்ட வேண்டிவரும் என்று யோசித்துப் பாருங்கள். பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு, இடையில் ஒரு கோயில், திரும்பும் வழியில் ஒரு செத்தவீட்டுக்கும் தலைகாட்ட வேண்டும். வாசலுக்கு வாசல் சேலையோடு குனிந்து நாடா அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது, அதனால்தான் காலை நுழைத்தவுடன் நடக்கக்கூடிய சப்பாத்தைத் தேடுகிறோம். சரிதான். ஆனால் கடையில் கால் சுலபமாக நுழைகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவிட்டால் போதாது, முதலில் குதிக்கால் பகுதியைப் பாருங்கள்.

நாடா இல்லாத சப்பாத்தில் காலைப் பிடித்து வைத்திருக்க வேறு ஏதாவது இருந்தாக வேண்டும். பின்பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் நல்ல இலாஸ்டிக் வேண்டும், பாதத்தின் மேல்பகுதியை ஓரளவாவது மூடவேண்டும். இவை இல்லாவிட்டால் சப்பாத்து கழன்றுவிடாமல் இருக்க நம்மை அறியாமலே விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டு நடப்போம், பின்னேரம் கெண்டைக்கால் வரை உளையும். பின்பக்கமே இல்லாத வகை பக்கத்து வீட்டுக்குப் போய்வர நல்லது, நாள் முழுக்க நடக்க அது வேண்டாம். கையில் எடுத்து பின்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள், உடனே மடிந்து படுத்தால் வைத்துவிடுங்கள். பிறகு முன்பக்கத்தை வளையுங்கள். விரல்கள் மடிகிற இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் இரண்டாக மடிந்தால் அது நடைக்கு ஆகாது.

மெத்தென்று இருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். கடையில் நிற்கும்போது மெமரி ஃபோம் என்ற பஞ்சு போன்ற உள்தட்டு சுகமாகத்தான் இருக்கும், ஆனால் சூட்டில் இன்னும் இளகி, நடக்க நடக்க அமுங்கி, பாதத்துக்குத் தாங்கலே இல்லாமல் போகும். கொஞ்சம் உறுதியான அடி, கழற்றிக் காயவைக்கக்கூடிய உள்தட்டு, இவைதான் அந்த வெயிலுக்கும் வியர்வைக்கும் உதவும்.

அளவு பார்க்கப் பின்னேரம் போங்கள், அந்த நேரத்தில் கால் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விமானப் பயணத்திலும் ஊர்ச் சூட்டிலும் இன்னும் வீங்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் அளவு இடம் இருக்கட்டும். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது, பெரிய காலுக்கே வாங்குங்கள். இணையத்தில் வாங்குபவர்கள் இலக்கத்தை நம்பாமல் சென்டிமீட்டர் கணக்கைப் பாருங்கள், பிரிட்டன் அளவில் 5 என்பது ஐரோப்பாவில் 38, அமெரிக்காவில் 7 என்று கிட்டத்தட்டத்தான் பொருந்தும்.

மெட்டி போடுபவர்கள் மெட்டியோடு, கொலுசு போடுபவர்கள் கொலுசோடு போட்டுப் பாருங்கள். முன்பக்கம் ஒடுக்கமாக இருந்தால் மெட்டி பக்கத்து விரலை வெட்டிவிடும். சேலை கட்டும்போதும் இந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே கட்டுங்கள், இல்லாவிட்டால் கரை நிலத்தில் இழுபட்டுத் தடக்கும். அப்புறம், புதுச் சப்பாத்தோடு விமானம் ஏறவே வேண்டாம், இரண்டு கிழமைக்கு முன்பே போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.

கோயில் விஷயம் தனி. யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாளும் ஆடி, ஆவணி வெயிலில் வருகிறது, எவ்வளவு நல்ல சப்பாத்து வைத்திருந்தாலும் அங்கே வெறுங்கால்தான். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்த அம்மாமார் சுடுமணலிலும் சுடுகல்லிலும் கால் பொக்களித்தது தெரியாமலே நடந்துவிடுவார்கள். அவர்களைக் காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ கூட்டிக்கொண்டு போங்கள், வீடு வந்ததும் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். வெளியில் விட்டுவந்த சப்பாத்தையும் தட்டி உதறி, உள்ளே கல்லோ பூச்சியோ இல்லை என்று பார்த்த பிறகே கால் வைக்கச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்களுக்கு மழை இருக்கும். தோல் சப்பாத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வலைத்துணி சீக்கிரம் காயும். அடியில் ஆழமான கோடுகள் உள்ள ரப்பராகப் பாருங்கள். கிணற்றடிக்கும் குளியலறைக்கும் ஒரு சோடி பாட்டாச் செருப்பை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம், அதைப் பெட்டியில் கொண்டுபோக வேண்டியதில்லை.