ஒருவருக்கு ஏற்ற புத்தகத்தைப் பரிந்துரைப்பது எப்படி? தொடங்குவோருக்கான செய்முறை

"ஏதாவது நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டதும் நம்மில் பலர் கடைசியாக நமக்குப் பிடித்த புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். கேட்டவரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. அவரும் தலையாட்டிவிட்டுப் போகிறார். வாங்கிய புத்தகம் இருபதாம் பக்கத்தோடு மூடப்படுகிறது.

நிறையப் படித்தவர்தான் நன்றாகப் பரிந்துரைப்பார் என்பது பாதி உண்மை. காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர் குறைவாகப் படித்திருந்தாலும் சமாளித்துவிடுவார். நூலகத் துறையில் இதை வாசகர் ஆலோசனை என்ற தனிப் பணியாகவே பயிற்றுவிக்கிறார்கள். அங்கே புழங்கும் சில முறைகளை எடுத்துக்கொண்டு, நண்பருக்கோ உறவினருக்கோ உடன் வேலை செய்பவருக்கோ புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: வகையைக் கேட்காதீர்கள், பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்

"எந்த மாதிரி புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்டால் "நாவல்", "சரித்திரக் கதை", "எல்லாமே படிப்பேன்" என்ற பதில்கள்தான் வரும். எந்த அலமாரியின் முன் போய் நிற்பது என்பதற்கு மேல் இவற்றால் எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக, "நீங்கள் ரசித்துப் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அதன்பின் பேசாமல் இருங்கள். அவர் தலைப்பைச் சொன்னதுமே "ஓ, அதுவா! அதே ஆசிரியர் எழுதிய இன்னொன்று இருக்கிறது" என்று பாய்வது இந்த வேலையைக் கெடுக்கும் பழக்கங்களில் முதன்மையானது. நமக்கு வேண்டியது தலைப்பைவிட, அதைப் பற்றிப் பேசும்போது அவர் வாயில் வருகிற சொற்கள்.

"ஏன் பிடித்தது?" என்றும் உடனே கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி தேர்வுத்தாள் போல ஒலிக்கிறது. மரியாதைக்குரிய பதில்களைத்தான் வரவழைக்கும். "சமூக அக்கறை", "ஆழமான கருத்து" என்று ஆரம்பித்துவிடுவார்கள். "அதில் எந்த இடம் இன்னும் நினைவில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மை அங்கேதான் வெளிவரும்.

புத்தகமே நினைவுக்கு வராதவர்களும் உண்டு. அவர்களிடம் விரும்பிப் பார்த்த திரைப்படத்தையோ தொடரையோ பற்றிக் கேளுங்கள். எதைப் பற்றிப் பேசினால் அவருக்கு நேரம் போவதே தெரியாது என்பதும் நல்ல தடயம்.

படி 2: நான்கு வாசல்களில் எது என்று கவனியுங்கள்

அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் ஒரு புத்தகத்துக்குள் வாசகர் நுழையும் வாசல்கள் நான்கு என்று பிரித்தார்: கதை, பாத்திரங்கள், சூழல், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும். ஆனால் ஒரு புத்தகத்தில் ஒரு வாசல் மற்றவற்றைவிட அகலமாக இருக்கும். அதுபோலவே ஒவ்வொரு வாசகரும் வழக்கமாக நுழையும் வாசல் என்று ஒன்று உண்டு. சிலருக்கு இரண்டு.

இதைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை, அவர்களே சொல்லிவிடுவார்கள். "கீழே வைக்கவே முடியவில்லை, இரவெல்லாம் உட்கார்ந்து முடித்தேன்" என்பவர் கதை வாசல்காரர். "அவள் கடைசியில் என்ன ஆனாளோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்" என்பவருக்குப் பாத்திரம். "அந்தத் தெருக்களில் நானே நடந்ததுபோல் இருந்தது" என்றால் சூழல். அந்தக் காலம், அந்தத் தொழில், அந்த நிலம் எல்லாம் இதில் அடங்கும். "வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன், பாதிப் பக்கங்களில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்" என்றால் மொழி. மொழி வாசல்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்களிடம் விறுவிறுப்பான துப்பறியும் கதையைக் கொடுத்து, நடை தட்டையாக இருந்துவிட்டால், மூன்றாம் பக்கத்திலேயே திருப்பித் தந்துவிடுவார்கள்.

இதோடு வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரவுன் என்ற இரு நூலகர்கள் 1989-இல் வாசகர் ஆலோசனை பற்றி எழுதிய கையேட்டில், புத்தகம் வாசகரை ஈர்க்கும் கூறுகளில் ஒன்றாக வேகத்தையும் வைத்தார்கள். என் பார்வையில் தொடங்குவோர் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஒரே காலம், ஒரே களம், ஒரே வகை மனிதர்கள் என்று எல்லாம் பொருந்தியும் புத்தகம் பிடிக்காமல் போனால், வேகம் ஒத்துப்போகவில்லையா என்று முதலில் பாருங்கள். முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழ வேண்டும் என்பவருக்கும், ஐம்பது பக்கம் மழையைப் பற்றி எழுதினாலும் சரி என்பவருக்கும் ஒரே புத்தகத்தைத் தர முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு

வாசல்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தமிழ் வாசகர் பலரும் அறிந்த ஒரு நாவலை வைத்தே பார்க்கலாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது; ஐந்து பாகங்கள். "இதுபோல இன்னொன்று சொல்லுங்கள்" என்று நான்கு பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே நாவில் வருவது சாண்டில்யனின் 'கடல் புறா' போன்ற இன்னொரு சரித்திர நாவல்தான். மோசமான பரிந்துரை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு பேருக்கும் அதையே சொல்வது சோம்பேறித்தனம்.

முதல் ஆளைப் பேசவிட்டால், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதிலேயே நிற்கிறார். சதி, மர்மம், ஊடே வந்தியத்தேவனின் குறும்பு ஆகியவைதான் அவரைக் கட்டிப்போட்டவை. அரசர்களும் அரண்மனையும் அவருக்கு இரண்டாம்பட்சம். அவருக்கு நான் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' சொல்வேன். நடப்பது அறிவியலா அமானுஷ்யமா என்ற இழுபறி கடைசிவரை போகும். வாய்த்துடுக்குக்கு, துப்பறியும் வழக்கறிஞர் கணேஷின் உதவியாளன் வசந்த் இருக்கிறான்.

இரண்டாமவர் நந்தினியைப் பற்றி மட்டுமே பேசுகிறார். அவள் செய்தது சரியா, அவளுக்கு நடந்தது நியாயமா என்று நம்மிடம் வாதாடுகிறார். இவர் தேடுவது எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாத ஒரு பெண்ணை. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' அவருக்குப் பொருந்தலாம். அலங்காரத்தம்மாள்மீது ஆசிரியர் குற்றம் சுமத்தவும் இல்லை, அவளுக்காக வக்காலத்து வாங்கவும் இல்லை. வாளும் குதிரையும் இல்லாத நாவல் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாமவருக்குச் சோழர் காலம்தான் மயக்கம். "அதெல்லாம் உண்மையில் நடந்ததா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் புனைவை விட்டு வெளியே வரலாம்: தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்'. கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் வைத்து எழுதிய வரலாறு; நாவலின் ஓட்டம் இதில் இருக்காது.

நான்காமவர் கல்கியின் நடையில் சொக்கியவர். கதைசொல்லி வாசகரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசும் அந்தத் தொனி வேண்டும் என்கிறார். அவரை ஏன் வேறு ஆசிரியரிடம் விரட்ட வேண்டும்? கல்கியின் கட்டுரைகளைக் கொடுங்கள்.

படி 3: வேண்டாதவற்றையும் இன்றைய நிலையையும் கேளுங்கள்

"பாதியில் நிறுத்திய புத்தகம் ஏதாவது உண்டா?" என்பது பொன்னான கேள்வி. பிடித்ததைப் பற்றிப் பேசும்போது தயங்குகிறவர்கள்கூடப் பிடிக்காததைப் பற்றி மடைதிறந்த வெள்ளமாகப் பேசுவார்கள்.

அடுத்தது, இப்போதைய மனநிலை. எப்போதும் கனமான நாவல் படிப்பவர், வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லாத வாரத்தில் அதையே கேட்க மாட்டார். "இப்போது உங்களுக்கு என்ன தேவை? சிரிக்க ஏதாவதா, மூழ்கிப்போக ஏதாவதா?" என்று நேராகவே கேட்டுவிடலாம். வன்முறை, மரணம், குழந்தைகளுக்கு நேரும் கொடுமை போன்றவற்றில் எதைத் தாங்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இதை நாசூக்காகக் கேட்க வேண்டும். காரணத்தைத் துருவக் கூடாது.

பிறகு சில சில்லறை விஷயங்கள்: எவ்வளவு நேரம் கிடைக்கும், எழுத்து சிறிதாக இருந்தால் படிக்க முடியுமா, அச்சுப் புத்தகமா, மின்னூலா, ஒலிநூலா. பயணத்தில் படிப்பவரிடம் எண்ணூறு பக்கக் கெட்டி அட்டைப் புத்தகத்தைத் திணிக்காதீர்கள்.

படி 4: மூன்று போதும்

பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்தால், அவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒன்றையும் படிக்க மாட்டார். மூன்று சொல்லுங்கள். ஒன்று அவருக்குப் பிடித்ததற்கு மிக அருகில் இருக்கட்டும். இரண்டாவது அதே வாசல், ஆனால் வேறு வகை. மூன்றாவது ஒரு துணிச்சல்: அவராகத் தேடியிருந்தால் கைக்கு வந்தே இருக்காத புத்தகம்.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டாவதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மூன்றாவதைக் கண்டுகொள்வோர் குறைவு. அதிகம் பேசப்படாத ஒரு நல்ல புத்தகத்துக்கு ஆள் தேடித் தரவும், நீங்கள் சொல்லும் மூன்று புத்தகங்களில் அந்தத் துணிச்சலான மூன்றாவது இடம் பயன்படும். அவருடைய நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. பத்துப் பெயர்ப் பட்டியலுக்கு நான் எதிரியாக இருப்பது அதனால்தான்.

நீங்கள் படிக்காத புத்தகத்தைப் பரிந்துரைக்கலாமா? தாராளமாக, "நான் படித்ததில்லை" என்று சொல்லிவிட்டு. அதற்கு முன் முதல் சில பக்கங்களையும் நடுவில் எங்காவது இரண்டு பக்கங்களையும் புரட்டுங்கள். நடையும் வேகமும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பின்னட்டைக் குறிப்பை மட்டும் நம்பாதீர்கள்; விற்பதற்காக எழுதுவது அது.

படி 5: அவருடைய சொற்களிலேயே எடுத்துச் சொல்லுங்கள்

கதைச்சுருக்கம் சொல்லாதீர்கள். இரண்டு வாக்கியங்கள் போதும்: அவர் சொன்னதில் எதை மனத்தில் வைத்து இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒன்று, அவர் எதிர்பார்க்க வேண்டியது என்ன என்று இன்னொன்று. "அந்த அப்பா பாத்திரம் உங்களை உலுக்கியது என்றீர்களே, இதிலும் அப்படி ஒருவர் வருகிறார். முதல் நாற்பது பக்கம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்." குறையைச் சொன்னால் புத்தகத்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். முன்கூட்டியே தெரிந்த குறையைப் பெரும்பாலோர் மன்னித்துவிடுகிறார்கள்.

"இதைக்கூடப் படித்ததில்லையா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "கட்டாயம் படித்தே ஆக வேண்டும்" என்பதும் வேண்டாம். கட்டாயம் என்றதும் அது வீட்டுப்பாடமாகிவிடும். விட்டுவிடவும் வழிகொடுங்கள். இதற்கும் நான்சி பெர்லிடம் ஒரு கணக்கு இருக்கிறது: ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, மீதி வரும் பக்கங்களைப் படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது.

குழந்தைகளுக்கு இன்னும் எளிது: மூன்று புத்தகங்களை முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரே தொடரில் பன்னிரண்டு பாகம் படிக்கிறாள் என்று கவலைப்பட்டுத் தடுக்காதீர்கள்.

படி 6: குறித்துவையுங்கள், பின்னர் கேளுங்கள்

ஒரு குறிப்பேடு போதும். படித்து முடித்த புத்தகம் ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, அகலமான வாசல், வேகம், எச்சரிக்கை, "யாருக்குப் பிடிக்கும்" என்று ஒரு வரி. கதையை எழுத வேண்டாம். உங்களுக்குப் பிடிக்காத புத்தகங்களையும் எழுதுங்கள். அவை பிறருக்குப் பிடிக்கலாம். தன் ரசனையைத் தாண்டிப் பரிந்துரைக்கப் பழகுவது இந்தக் குறிப்புகளில் தொடங்குகிறது.

இணையதளங்கள்தான் "இதை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள்" என்று சொல்லிவிடுகின்றனவே, நாம் எதற்கு என்று தோன்றலாம். அமேசானின் பொறியாளர்கள் 2003-இல் தங்கள் முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் அடிப்படை, ஒரே வாடிக்கையாளர்கள் சேர்த்து வாங்கும் பொருள்களை ஒன்றோடொன்று இணைப்பது. எது எதோடு விற்கிறது என்பது அதற்குத் தெரியும். நந்தினிக்காகப் படித்தவர் யார், மர்மத்துக்காகப் படித்தவர் யார் என்பது அந்த விற்பனைக் கணக்கில் பதிவாவதில்லை. மருமகனுக்குப் பரிசளிக்க வாங்கிய சமையல் புத்தகமும் உங்கள் ரசனைக் கணக்கில் ஏறிவிடும். பெயர்களைத் திரட்ட அந்தப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். வடிகட்டுவது உங்கள் வேலை.

சில வாரங்கள் கழித்து அவரைச் சந்திக்கும்போது "படித்து முடித்தீர்களா?" என்று கேட்டால் பொய்தான் பதிலாக வரும். "எதுவரை போனது?" என்று கேளுங்கள். பாதியில் விட்டேன் என்று சொன்னால் எந்த இடத்தில் என்று கேட்டு, குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே அதை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று புத்தகங்களை அந்த வரியிலிருந்து தேடத் தொடங்கலாம்.