நாலடித் தொட்டியும் ஒரு அழுக்கு ஸ்பாஞ்சும்

செல்லூர் வீட்டில் இரண்டடித் தொட்டியில் இருந்த கோல்டுஃபிஷ்கள் வளர்ந்துவிட்டதால், 250 லிட்டர் பிடிக்கும் நாலடித் தொட்டி வாங்கினேன். போன முறை நீர் நிரப்பிய மறுநாளே மீனை விட்டு, ஒரே வாரத்தில் மூன்றைப் பறிகொடுத்தவன் நான். இந்த முறை அவசரப்படவில்லை.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதைத் தின்னும் பாக்டீரியா முதலில் ஃபில்டரில் வளர வேண்டும். அதற்கு மீன் இல்லாமலே அம்மோனியா உண்டாக வேண்டுமே! பச்சை இறால் இரண்டைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டேன். நான்காம் நாளே நாற்றம். "வீடா, மீன் மார்க்கெட்டாங்க இது?" என்றாள் மனைவி.

இரண்டு வாரமாகியும் அம்மோனியா 4 பிபிஎம்மிலேயே (பத்து லட்சத்தில் நான்கு பங்கு) நின்றது. அதைத் தின்னும் பாக்டீரியா வந்தபாடில்லை. யோசித்தால் தப்பு என்னுடையதுதான். பழைய தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சைப் புதிய ஃபில்டரில் வைக்குமுன், சுத்தமாக இருக்கட்டுமே என்று குழாயடியில் பிழிந்து அலசியிருந்தேன். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் உண்டு. அது ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

பழைய தொட்டியில் இன்னொரு ஸ்பாஞ்ச் இருந்தது. பழுப்பாக, வழவழவென்று. இதை அலசவே இல்லை. அப்படியே புதிய ஃபில்டருக்குள் செருகினேன். ஐந்தாம் நாள் அம்மோனியா இறங்கியது, அதைத் தின்ற பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட் ஏறியது. இதுவும் மீனுக்கு விஷம்தான்; வேறு வகை பாக்டீரியா இதைத் தின்று தீர்க்க வேண்டும். டெஸ்ட் குழாயில் நைட்ரைட்டைக் காட்டும் அந்தக் கத்தரிப்பூ நிறம் வெளிற மேலும் பத்து நாள். மதுரை வெயிலில் ஹீட்டர் செலவு மட்டும் மிச்சம்.

இரண்டும் பூஜ்யமானதும், குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதியை மாற்றி, முதலில் இரண்டு மீனை மட்டும் விட்டேன்.