நாய் உண்ணியை ஒழிப்பது எப்படி: நாய்மேல் கால்வாசி, சுவரில் முக்கால்வாசி

போன சித்திரையில் எங்கள் முறுக்கின் காதுக்குள் இரண்டு உண்ணி தெரிந்தது. (நாட்டு நாய்தான், வால் சுருண்டு கிடப்பதால் அந்தப் பெயர்.) பிடுங்கிப் போட்டேன். அடுத்த வாரம் பத்து. மருந்து கலந்த தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டு இனி தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தால், மூன்றாவது வாரம் கழுத்து, விரலிடுக்கு, வாலடி என்று எங்கே தடவினாலும் மிளகு மாதிரி உருண்டது. ஆடி முடியும்வரை இந்தக் கூத்துதான். நான் எங்கே கோட்டைவிட்டேன் என்பதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன், உங்களுக்காவது அந்த மூன்று மாதம் மிச்சமாகட்டும்.

1. தேடுவது

முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், முன்னங்கால் அக்குள், விரல்களுக்கு நடுவே, கண்ணிமை ஓரம், வாலுக்கு அடியில். பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ரத்தம் குடிக்காத உண்ணி தட்டையாக, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, செம்பழுப்பாக இருக்கும். வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் அப்படியே ஆமணக்கு விதை. ஆமணக்கின் தாவரவியல் பெயர் ரிசினஸ், அந்த லத்தீன் சொல்லுக்கு உண்ணி என்றே அர்த்தம். பெயர் வைத்தவர் வீட்டிலும் நாய் இருந்திருக்கும் போல.

2. எடுப்பது

வேண்டியவை: நுனி மெல்லிசான ட்வீசர், கையுறை, ஒரு சின்ன மூடி போட்ட பாட்டிலில் ஸ்பிரிட். புருவம் திருத்தும் ட்வீசர் போதும். பிளாஸ்டிக்கில் கொக்கி மாதிரி ஒன்று விற்கிறார்கள், பெரிய உண்ணிக்கு அருமையாக இருக்கிறது, பொடிசுகளுக்கு உதவாது. இரண்டில் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் ட்வீசரே வாங்குங்கள்.

உண்ணியின் வயிற்றைப் பிடிக்கக் கூடாது. தோலை ஒட்டி, வாய்ப்பகுதியைப் பிடித்து, அவசரப்படாமல் ஒரே சீராக நேராக மேலே இழுங்கள். வந்ததும் ஸ்பிரிட்டில் போடுங்கள். வாய் உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டால் ஊசியை வைத்துக் குடைய வேண்டாம், அதுவாக வெளியே வந்துவிடும், அந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருந்தால் சரி. மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது, நகத்தால் நசுக்குவது மூன்றும் வேண்டாம். சூடும் எரிச்சலும் பட்டால் உண்ணி தன் வயிற்றில் இருப்பதை நாயின் உடம்புக்குள்ளேயே கக்கலாம், கிருமி போவது அந்த வழியில்தான்.

3. மருந்து

முதலில் நாயின் எடை தெரிய வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளில் அஃபாக்ஸோலனர் மாதம் ஒருமுறை, ஃப்ளூரலனர் சுமார் 12 வாரத்துக்கு ஒருமுறை. விலை கையைக் கடிக்கும், ஆனால் என் ஓட்டு மாத்திரைக்குத்தான். நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த வகை மாத்திரைகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டும்.

கழுத்தில் விடும் சொட்டு மருந்து என்றால் முடியை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும், முடிமேல் விட்டால் காசு வீண். ஃபிப்ரோனில் சொட்டு என்றால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. நான் முதல்தடவை காலையில் குளிப்பாட்டிச் சாயங்காலம் விட்டேன், கேட்கவே வேண்டாம். அமிட்ராஸ் கலந்து ஊற்றுவது மலிவு, ஆனால் அளவு தப்பினால் நாய் சோர்ந்து விழும், காயும்வரை நக்கவிடாமல் காவல் இருக்க வேண்டும், எனக்குப் பொறுமை இல்லை. வேப்பெண்ணெய் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். நானும் ஒரு மாதம் தடவினேன். நாய் நாறியது, உண்ணி நன்றாக இருந்தது.

ஒன்று: மாத்திரை கொடுத்த பிறகும் நாய்மேல் உண்ணி ஊர்வதைப் பார்ப்பீர்கள். கடித்தால்தான் அது சாகும், கிட்டவே வராமல் தடுக்காது. மருந்து போலி என்று நினைத்து இரண்டாவது மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

4. சுவர் (நான் தோற்றது இங்கேதான்)

ஒருநாள் ராத்திரி கரண்ட் போய், போன் டார்ச்சோடு மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தபோது, ஹாலில் மாட்டியிருந்த தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆமணக்கு விதை மேல்நோக்கி நடந்துகொண்டிருந்தது. காலண்டரைத் தூக்கினேன். ஆணியைச் சுற்றிக் காரை பெயர்ந்த பள்ளத்தில் இன்னொன்று சுருங்கிச் செத்துக் கிடந்தது, அதன் அடியில் ஒரு சிட்டிகை கசகசாவை எண்ணெயில் பிசறி ஒட்டியது மாதிரி பழுப்பாக ஒரு குவியல். முட்டை. ஒரு பெண் உண்ணி நாலாயிரம் வரைகூட இடும்.

விஷயம் இதுதான். நம் ஊர் நாய் உண்ணி வாழ்நாளில் மூன்று முறை நாய்மேல் ஏறி மூன்று முறை இறங்குகிறது. ஆறு கால் குஞ்சாக ஒரு முறை, எட்டு கால் வந்த பிறகு இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் குடித்துவிட்டு விழுந்து, விரிசல் தேடி மேலே ஏறி ஒளிந்துகொள்ளும். பட்டினியாகவே மாதக்கணக்கில் கிடக்கும். நான் நாயைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது பட்டாளமே சுவரில் உட்கார்ந்து முறை வைத்துக் காத்திருந்தது.

அதனால் பார்க்க வேண்டிய இடங்கள்: காலண்டர், படங்களுக்குப் பின்னால், ஸ்விட்ச் போர்டு ஓரம், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து, கட்டில் அடிப்பலகை, நாய் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே உள்ள சுவர். வேக்குவம் கிளீனர் இருந்தால் சந்துகளில் நுழையும் ஒல்லி மூக்கைப் போட்டு உறிஞ்சுங்கள், குப்பையைச் சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள். நாயின் துணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள், வெயிலில் உதறிப் போட்டால் மட்டும் போதாது. பிறகு விரிசல்களை வெள்ளை சிமெண்ட் வைத்து அடையுங்கள். வாடகை வீடுதான், செலவு என்னுடையதுதான், வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன், "நாய் உங்களுதுதானே" என்று முடித்துவிட்டார். அப்புறம், இதை ஒருநாள் செய்துவிட்டு விட்டால் பிரயோசனம் இல்லை. முட்டை பொரிய வாரக்கணக்கில் ஆகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் நாய்மேல் மருந்தும் விட்டுப்போகக் கூடாது, அப்போதுதான் சுவரிலிருந்து இறங்கி வருவதெல்லாம் கடித்துச் சாகும்.

5. காய்ச்சல்

உண்ணி கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் சும்மா விடாதீர்கள். ஈறு வெளுத்திருக்கிறதா, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் சிறுநீர், இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர். நாய்க்குச் சாதாரண வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். எர்லிக்கியா (உண்ணி பரப்பும் ஒரு பாக்டீரியா நோய்) என்றால் வழக்கமாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 28 நாள். முறுக்கு நாலாம் நாளே பழையபடி குரைக்க ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் 28 நாளும் கொடுத்தோம். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுத்தது, இட்லிக்குள் புதைத்துக் கொடுத்தபின் தங்கியது. வீட்டில் இருக்கும் நம் காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

பிற்சேர்க்கை 1: உண்ணி என்று நினைத்து முலைக்காம்பை இழுத்து, நாய் கடிக்க வந்ததாக மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆண் நாய்க்கும் காம்பு உண்டு! வயிற்றில் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்தால் அது காம்பு. சந்தேகமாக இருந்தால் முடியை விலக்கிக் கால்கள் தெரிகிறதா பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: வீட்டில் பூனையும் இருக்கிறது, நாய் மருந்தையே கொஞ்சமாக விடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது, அது பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு அதை விட்டிருந்தால்கூட, காயும்வரை பூனையை அதன்மேல் உரசிப் படுக்க விடாதீர்கள்.

பிற்சேர்க்கை 3: எல்லாம் செய்தும் போகவில்லை என்கிறவர்கள் மாடிப்படிக்கு அடியில் பாருங்கள். எங்கள் வீட்டில் கடைசிக் கூட்டம் அங்கே, பழைய செருப்பு அலமாரியின் பின்பலகையில்தான் இருந்தது. தெருநாய் ஒன்று மழைக்கு ஒதுங்கும் இடம் அது. இப்போது முறுக்குக்கு மாத்திரை வாங்கும்போது அதற்கும் ஒன்று சேர்த்து வாங்குகிறேன்.