தேங்கிய கவிதையை நகர்த்திய குறள் வெண்பா

எதை எழுதினாலும் பழைய கவிதையின் நகலாகவே வந்தது: நிலா, மழை, பிரிவு. வழிவிட்டது யாப்பு என்ற செய்யுள் இலக்கணம்தான். திருக்குறளின் ஈரடி வடிவமான குறள் வெண்பாவை எடுத்துக்கொண்டேன். முதலடி நாற்சீர், ஈற்றடி முச்சீர்; சீர் என்பது அசைகளால் ஆன அலகு, அசைகள் நேர், நிரை என இரு வகை. ஒரு சீரின் வாய்பாடு மா, விளம், காய் இவற்றில் எதில் முடிகிறதோ, அதுவே அடுத்த சீரின் முதல் அசையை முடிவுசெய்யும்: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற ஓசை வாய்பாடுகளில் ஒன்று. பழகிய சொற்கள் இந்தக் கட்டுக்குள் அடங்க மறுத்தன. புதியவற்றைத் தேடியே ஆகவேண்டியிருந்தது. எவ்வளவு நல்ல கெடுபிடி! பொருளுக்கும் எல்லை வைத்தேன்: கிருஷ்ணகிரியில் அன்று கண்டதும் கேட்டதும் மட்டுமே. மாம்பழப் பருவத்தில் பிறந்தது இது:

மாங்காய் மணக்கின்ற மண்டியில் நாளெல்லாம்
தூங்கா தொலிக்கும் குரல்.

இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகைக்கு, ‘மாங்காய்’க்கு இணையாகத் ‘தூங்கா’ கிடைத்ததும் துள்ளிவிட்டேன். இப்போது, ஒரு பாடலின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதி முயல்கிறேன். அடுத்த வெண்பா ‘குரல்’ என்றே தொடங்க வேண்டும்.