நோட்டில் 'கோபம்' என்று எழுதுவதற்கு முன்

போன மாதம், மறதி நோய் வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஹோமுக்குப் புதிதாக வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் டியூட்டி நோட்டில் எழுதியிருந்தார்கள்: 'கோபம். அடித்தார். குளிக்க மறுப்பு.' 11 வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வார்த்தைகள். மறதி நோய் உள்ளவர்களைத் திட்டக்கூடாது, அவசரப்படுத்தக்கூடாது என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நல்ல மனசோடு வேலை பார்க்கிறவர்களும் செய்கிற தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

வலியைக் கோபம் என்று எழுதுவது

கோவைக்குப் பக்கத்தில் நான் முதலில் வேலை பார்த்த இல்லத்தில், காங்கேயத்துப் பக்கமிருந்து வந்த ஆத்தா ஒருவர் இருந்தார். எண்பது தாண்டியவர். காலையில் ஜாக்கெட் மாட்டும்போது கத்துவார், கிள்ளுவார், காது கூசுகிற வார்த்தையில் வைவார். மற்ற நேரமெல்லாம் "சாப்டியா கண்ணு" என்று கேட்கிறவரும் அவரேதான். ஒரு மாதம் நாங்கள் எல்லோரும் 'கோபம்' என்றே எழுதினோம். நோட்டைப் பார்த்த டாக்டர் அடங்குவதற்கு மாத்திரை எழுதினார். ஆத்தா அடங்கினார். பகலெல்லாம் தூக்கம், நடந்தால் தள்ளாட்டம். இரண்டாவது வாரம் பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் உடம்பு துடைத்துவிட்ட ஆயாதான் கண்டுபிடித்தார். "சிஸ்டர், வலது கையத் தூக்கறப்பத்தானுங்க கத்தறாங்க. இடது கைக்கு ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க." தோள்மூட்டு இறுகிப்போயிருந்தது. மாதம் முழுக்க, தினம் காலையில், அந்தக் கையைத்தான் தூக்கி முறுக்கியிருக்கிறோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

நோய் முற்றினால் வலிக்கிறது என்று சொல்லும் வார்த்தை போய்விடும். வலி அப்படியே இருக்கும். முகமும் குரலும் கையும்தான் அவர்களுக்கு மிச்சம். போதாததற்கு நம் ஊர்ப் பெரியவர்கள் "வலிக்குதா" என்றால் "ஒண்ணுமில்லீங்க" என்றே சொல்லிப் பழகியவர்கள். "நோவுதுங்களா, குடையுதுங்களா" என்று கேட்டால் சில சமயம் தலையாட்டுவார்கள். அதற்கும் பதில் வராதவர்களுக்கு 2003இல் வெளியான, வலியைக் கணிக்கும் பெய்னாட் (PAINAD) அளவுகோல் உதவும். மூச்சு, முனகல், முகம், உடம்பு, தேற்றினால் தேறுகிறாரா என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போடுவது. அசையாமல் படுத்திருக்கும்போது பார்த்து 0 போட்டுவிடாதீர்கள். திருப்பும்போது, உடுத்தும்போது பாருங்கள்.

நார்வேயில் 18 இல்லங்களில் 352 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. வலிக்கு முறையாக மருந்து கொடுத்த பிரிவில் 8 வாரத்தில் கத்தலும் கிளர்ச்சியும் சராசரியாக 17 சதவீதம் குறைந்தன. பெரும்பாலோருக்குக் கொடுத்தது பாராசிட்டமால்தான். அடக்குவதற்குத் தரும் மனநோய் மாத்திரைகள் மறதி நோயுள்ள முதியவர்களின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005இலேயே எச்சரிக்கத் தொடங்கிவிட்டது.

அதனால் 'கோபம்' என்று எழுதாதீர்கள். எப்போது கத்தினார், என்ன செய்தபோது, எந்தப் பக்கம் தொட்டபோது என்று எழுதுங்கள். வெளிக்குப் போனாரா, சிறுநீர் எரிகிறதா, பல்செட் உறுத்துகிறதா என்று பாருங்கள். ஜாக்கெட்டை நோகிற கையில் முதலில் மாட்டுங்கள். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுங்கள்.

பொழுதோட கிளம்புகிறவரை மறிப்பது

ஐந்து மணியானால் ஒரு அப்பாரு கேட்டைப் பிடித்து ஆட்டுவார். "எரும கத்துது, கறக்கோணும்." எருமையெல்லாம் விற்றுப் பல வருடமாச்சு என்று ஒரு புதுப் பையன் பொறுமையாக விளக்கினான், அடி வாங்கினான். ஐம்பது வருடம் பால் கறந்த கை, அந்த நேரத்துக்குச் சும்மா இருக்காது. "எத்தன படி கறக்குமுங்க?" என்று கேட்டுக்கொண்டே கூட நாலு சுற்று நடந்தால், எருமையின் குணமெல்லாம் சொல்லிவிட்டு அவராகவே திண்ணைக்கு வந்துவிடுவார்.

'ங்க' போடாமல் பேசுவது

வேண்டாம். வார்த்தை புரியாதவருக்கும் மரியாதைக் குறைவு புரிகிறது.

அழுகையை நிறுத்தப் பார்ப்பது

பக்கத்தில் உட்காருங்கள். போதும்.

சத்தமில்லாதவரை 'நல்லா இருக்கார்' என்பது

மூலையில் உட்கார்ந்திருப்பவரால் தொந்தரவில்லை, அதனால் அவரிடம் யாரும் போவதுமில்லை. சோர்வும் துக்கமும் அங்கேதான் பல மாதம் கவனிக்கப்படாமல் கிடக்கும். நேற்றுவரை பேசியவர் இன்று திடீரென்று மந்தமானால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். கிருமித்தொற்று அப்படியும் தலைகாட்டும்.

'அவங்களுக்குத்தான் ஞாபகமே இல்லையே'

வந்து பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் பிள்ளைகளிடம் நாமும் தலையாட்டிவிடுகிறோம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளும் சந்தோஷமானவையும் காட்டிப் பார்த்தார்கள். பார்த்தது மறந்த பிறகும் அந்த உணர்வு நீடித்ததை 2014இல் வெளியிட்டார்கள். எங்கள் ஹோமில் ஓர் அம்மா, திருப்பூரிலிருந்து மகன் வந்துபோனதை அரைமணியில் மறந்துவிடுவார். ஆனால் அன்றைக்கு ராத்திரி மட்டும், யாரும் ஊட்டாமல், தானே இரண்டு இட்லி பிட்டுச் சாப்பிடுவார். அதையும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.