மேல்காற்றுக்குத் தூசி, ஐப்பசிக்குச் சகதி: மனையில் மண்ணைப் பிடித்து வைப்பது எப்படி?

வள்ளியூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு இரண்டு பருவமும் தலைவலி. ஆனி, ஆடியில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. காற்று கிளப்புவதும் மழை கரைப்பதும் ஒரே மண்ணைத்தான், நாம் செதுக்கிப் போட்ட மண்ணை. காற்றுக்கு அவ்வளவு பலமா என்று சந்தேகம் இருந்தால் சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டைப் பாருங்கள். அங்கே மேடு மேடாகக் கிடப்பது காற்று குவித்த செம்மணல்.

1. ஜேசிபி வருவதற்கு முன்

கட்டடம் வரும் இடத்தையும், சுற்றிலும் நடமாட 6 அடியையும் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். கோடு இல்லையென்றால் டிரைவர் மனை முழுவதையும் ‘சுத்தம்’ செய்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆவாரையும் அருகும் கிடந்த இடம் அரை மணி நேரத்தில் புழுதிக்காடு. மேல்மண் அரை அடியைத் தனியாகக் குவித்து வையுங்கள், பின்னால் செடி வைக்க ஆகும்.

2. மணல் குவியல்

எம்-சாண்ட் லோடை மேற்கு ஓரத்தில் தட்டச் சொன்னது என் தப்பு. மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை சுளகோடு வந்து நின்றார்கள்: “ஏ தம்பி, வடகத்துல உப்பு போதலைன்னு மண்ணு போட்டியோ?”

சுவருக்குக் கிழக்கே, மறைவில் தட்டுங்கள். தார்ப்பாய் மூடி, ஓரம் முழுக்கச் செங்கல் வையுங்கள். நாலு மூலைக்கு மட்டும் கல் வைத்தால் ஆடிக்காற்று தார்ப்பாயைத் திசையன்விளைக்கே கொண்டு போய்விடும்.

3. தண்ணீர் தெளிப்பது

கொஞ்சமாக, அடிக்கடி. கொட்டி ஊற்றினால் சகதியாகி, லாரி டயரோடு ரோட்டுக்குப் போய், காய்ந்து மறுபடி தூசிதான். லாரி நுழையும் இடத்தில் 15 அடி நீளத்துக்கு ஒன்றரை இஞ்ச் ஜல்லி பரப்பினால் டயர் மண் அங்கேயே உதிர்ந்துவிடும்.

4. மழைக்குச் சாக்கு வேலி

மழைத்தண்ணீரோடு ஓடும் மண்ணைப் பிடிக்க மனையின் பள்ளப் பக்கம் போடும் வேலி இது. பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஒரு குடம் தண்ணீர் கொட்டிப் பாருங்கள். அந்தப் பக்கம், சரிவுக்குக் குறுக்கே, அரை அடி ஆழத்துக்குச் சிறு வாய்க்கால் வெட்டுங்கள். அதன் பள்ளப் பக்க ஓரத்தில் 6 அடிக்கு ஒரு சவுக்குக் கம்பு அடியுங்கள்.

காலி சிமெண்ட் சாக்குகளைப் பிரித்து உதறி, ஒன்றோடு ஒன்று தைத்து, கம்புக்கு மேட்டுப் பக்கமாகக் கட்டுங்கள். தண்ணீர் துணியைக் கம்போடு சேர்த்து அழுத்த வேண்டும், பிய்த்துக்கொண்டு போகக் கூடாது. துணியின் கீழ் அரை அடியை வாய்க்காலுக்குள் விட்டு, மண் போட்டு நன்றாக மிதியுங்கள். எல்லோரும் சோம்பல்படுவது இங்கேதான். புதைக்காத துணிக்கு அடியில் தண்ணீர் எலி வளை மாதிரி வழி பண்ணிக்கொள்ளும், அப்புறம் வேலி சும்மா அழகுக்குத்தான். இரண்டு முனைகளையும் மேட்டை நோக்கி வளைத்து விடுங்கள்.

வேலி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வண்டல் ஏறியதும் வாரி எடுத்துவிடுங்கள். இது வழக்கமான ஐப்பசி மழைக்குத்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்ததே, அதற்கெல்லாம் சாக்கு வேலி நிற்காது.

5. ரோட்டோரச் சரிவு

ரோட்டோர ஓடையில் தண்ணீர் வேகத்தைக் குறைக்கக் கல்தடுப்பு போட்டால் நடுவைத் தாழ்வாக விடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் கரையை அறுக்கும். சரிவுக்கு என் தேர்வு வெட்டிவேர். முதல் மழை பெய்ததும் குறுக்கு வரிசையாக, அரை அடிக்கு ஒரு தூர் நடுங்கள். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக 10 அடி வரைகூட இறங்கி மண்ணைத் தைத்துவிடும்.

ஆடு கடிக்காதா என்று கேட்பீர்கள். இளந்தளிரைக் கடிக்கும். முதல் இரண்டு மாதம் உடைமுள் வெட்டிப் போடுங்கள், நம் ஊரில் அதற்கா பஞ்சம்?